ஒருசந்திப் பிள்ளைகளுக்கு அசனம்

கிடாரத்தில் ஆக்குகிறவனுக்கு அடுப்பு பயமில்லை. மூடியைத் திறந்த பிறகு சாப்பிட ஆள் வராமல் போவதுதான் பயம். பள்ளிக்கூடத்திலோ மடத்திலோ நூறு பேருக்குக் கரண்டி பிடித்தவர்களே, உங்களுக்கு இது தெரியும். கரண்டி பிடிக்காதவர்கள் சும்மா படியுங்கள், தப்பில்லை.

எழுபதுகளில், தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடம். அங்கே மதியச் சோறு ஆக்கினேன். அதற்கு முன் தோணியில் பண்டாரி. பண்டாரி என்றால் சமையல்காரன். கொழும்பு, கொச்சி என்று இருபது வருசம் அலைந்தேன். முட்டி தேய்ந்தது, கரைக்கு வந்தேன். அப்போதுதான் பஜார் வியாபாரிகள் கமிட்டி போட்டார்கள். வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளையும் பாடம் படிக்கக் கூடாது என்று பேச்சு. கிடாரம், விறகு, பருப்பு அவர்கள் பொறுப்பு. கோதுமை வெளிநாட்டுத் தருமம், கப்பலில் வந்தது. ஆக்க ஆள் கேட்டார்கள். சரி என்றேன். அவ்வளவுதான் முன்கதை.

முதல் நாள்

தோணியில் பதினோரு பேருக்கு ஆக்கிய கை. நூற்றறுபது பிள்ளைகள் என்றதும் கை பரபரத்தது. அந்தக் கிடாரத்துக்குள் நானே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிது. விடிந்ததும் விடியாததுமாக அடுப்பு மூட்டினேன். கோதுமையோ உடைத்த கோதுமை. அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. அரிசி என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் வைத்தேன், தாராளமாக மூட்டையைக் கவிழ்த்தேன்.

அது ஊதியது. ஊதிக்கொண்டே போனது. கிடாரம் நிறைந்து விளிம்புக்கு மேலே கோபுரமாக நின்றது. கரண்டியைக் குத்தினேன், கரண்டி பாய்மரம் மாதிரி நட்டுக்கொண்டது, திரும்பி வரவில்லை. நாலாம் வகுப்பு லாரன்ஸ் என்கிற பயல் எட்டிப் பார்த்தான். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்: "பண்டாரி மாமா, கோயில் சுவரு ஒரு பக்கம் பேந்து கெடக்கு. இதுல ரெண்டு சட்டி அங்கன கொண்டு போவட்டுமா?"

மூட்டைத் துணி

கோதுமை வந்த மூட்டை நல்ல வெள்ளைத் துணி. காலியானதும் பெண்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். மறுவாரம் பார்த்தால் பாதிப் பள்ளிக்கூடம் மூட்டைத் துணிச் சட்டையில் நிற்கிறது. முதுகில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ். பெரிய டீச்சர் ஒரு பையனைத் திருப்பி நிறுத்திப் படித்தார். "விற்கக் கூடாது" என்று போட்டிருந்ததாம். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த எழுத்தையாவது சலவை செய்து போக்கக் கூடாதா, பார்க்க நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார். அவள் மகனின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "கெடக்கட்டும் டீச்சர். எனக்கு நாலு பிள்ளைய. ஒண்ணையும் விக்கிறதா இல்ல."

பக்தியான தெரு

கோதுமையின் குணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. அதன்பின் பதமாக ஆக்கினேன். கடுகு, மிளகாய் தாளித்தேன், வாசனை கடற்கரை வரைக்கும் போனது. ஆனால் சமையலறை வாசலில் தட்டோடு வரிசையில் நிற்பது நாற்பது பிள்ளைகள்தான். மீதி நூற்றிருபதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மணலில் கோடு கிழிக்கும். கேட்டால் ஒரே பதில். "ஒருசந்தி மாமா." எங்கள் வேதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதற்கு ஒருசந்தி என்று பெயர். தவக்காலம் வெகு தூரத்தில் இருந்தது. இருந்தாலும் நம்பினேன். கடலில் கிடந்தவனுக்குக் கோயில் விவரம் என்ன தெரியும்? அதிலும் ரெஜினா என்று நாலாம் வகுப்புப் பிள்ளை. திங்கள் ஒருசந்தி, செவ்வாய் ஒருசந்தி, புதன் ஒருசந்தி. வியாழக்கிழமை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் வாய்ப்பாட்டில் மயங்கி விழுந்தது.

எனக்கு வந்தது கோபம். நேரே சாமியாரிடம் போனேன். சாமி, ஞானோபதேசத்தைக் கொஞ்சம் குறையுங்கள், பச்சைப் பிள்ளைகளை நோன்பு இருக்கவைத்துக் கொல்லுகிறீர்கள் என்றேன். சாமியார் என்னையே பார்த்தார். பிள்ளைகளுக்கு நோன்புக் கடமையே கிடையாது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதம். வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிறது. எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். சாமியார் மெதுவாகச் சொன்னார்: "ஏலே, ஒருசந்திக்காரன் ஒரு வேளையாவது சாப்பிடுவாம்லா."

உப்புப் பார்க்கிற வேலை

தோணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆக்கியவன் உப்புப் பார்க்கக் கூடாது. அவன் நாக்கு அவனுக்கே சாதகமாகப் பேசும். வேறொருவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுநாள் ரெஜினாவைக் கூப்பிட்டேன். சாப்பிடச் சொல்லவில்லை. எனக்கு நாக்குச் சரியில்லை, உப்புப் பார்த்துச் சொல் என்று ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன். ஒருசந்தி என்றாள். வேலைக்கு ஏது ஒருசந்தி என்றேன். யோசித்தாள். ஒரு வாய் வைத்தாள். சரியாகத் தெரியவில்லை என்றாள். இன்னொரு வாய். கிண்ணம் காலியாகும் வரைக்கும் அவளுக்குத் தெரியவே இல்லை.

எனக்கு ஒரே குதூகலம். அடுத்த வாரம் முதல் பருப்புக்கு ஒரு ஆள், கோதுமைக்கு ஒரு ஆள், ரசத்துக்கு ஒரு ஆள் என்று ஏழெட்டுப் பேரை உப்புப் பார்க்க வைத்தேன். ரெஜினாதான் தலைமை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை அதட்டினாள்: "பண்டாரி மாமா, ரசம் நேத்து மாரி இல்ல. நாளைக்கும் இப்படித்தான் இருக்கான்னு நான் வந்து பாக்கணும்."

கருப்பட்டி அண்ணாச்சி

கமிட்டித் தலைவர் உடன்குடிக்காரர். பஜாரில் கருப்பட்டி மொத்த வியாபாரம். கறாரான மனுசர், ஆனால் கெட்டவர் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் வந்து நின்றார். நாற்பது தட்டும் ஏழெட்டு உப்புப் பார்க்கிற ஆளும்தான் கண்ணில் பட்டது. மரத்தடியில் இருந்த கூட்டத்தைக் காட்டி, அதுகளுக்கு என்ன என்று கேட்டார். தெருக்காரர்களின் வெட்கத்தை வெளியாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசி இல்லையாம் என்றேன். வாழ்க்கையிலேயே முட்டாள்தனமான பேச்சு அதுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: "பசி இல்லாத ஊர்ல கிடாரம் எதுக்கு வே? நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைய பசியில கெடக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. இந்த வெள்ளிக்கிழம வாரேன். பந்தி நெறையலன்னா கிடாரத்த வண்டியில ஏத்திருவேன்."

தட்டு

அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு இடி. ரெஜினாவின் அம்மா மிக்கேலம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். உப்புப் பார்த்த கதை அவள் காதுக்கு எட்டிவிட்டது. அவள் புருசன் சங்கு குளிக்கிறவர். ஆழத்தில் காது உடைந்து வீட்டோடு கிடக்கிறார். என் பிள்ளையை ஏமாற்றித் தருமச் சோறு தின்ன வைத்தீர்களா என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திங்கட்கிழமை முதல் ரெஜினா உப்பளத்துக்குப் போகிறாள், அங்கே மதியம் கஞ்சி கொடுப்பார்கள், வேலை செய்துவிட்டுக் குடிக்கிற கஞ்சி என்றாள்.

எனக்கும் பொறுமை கிடையாது. போன திருவிழாவில் கோயில் அசனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, அது மட்டும் யார் வீட்டுச் சோறு என்று கேட்டுவிட்டேன். அசனம் என்றால் திருவிழா முடிந்து ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. தோணி முதலாளியும் வலை இழுக்கிறவனும் பக்கத்துப் பக்கத்து இலையில் இருப்பார்கள். மிக்கேலம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவ்வளவு வயதாகியும் இது தெரியவில்லையே என்கிற பார்வை. "அது அசனம் அண்ணாச்சி. இலைய விரிச்சு, உக்கார வச்சு, தேடி வந்து போடுவாவ. இங்கன தெருவழியாத் தட்டத் தூக்கிட்டு வந்து, ஒங்க வாசல்ல ஏந்திக்கிட்டுலா நிக்கச் சொல்லுதீய?"

வெள்ளிக்கிழமை

மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. குழம்பிலும் குற்றமில்லை, கோதுமையிலும் குற்றமில்லை. அந்த வரிசைதான் குற்றம். தோணியில் எவனாவது தட்டோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறானா? உட்கார்ந்த இடத்துக்கு நான்தானே கொண்டு போனேன். ஓடினேன். தேய்ந்த முட்டியோடுதான் ஓடினேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வாழையிலை வரும். கிழிந்த இலையை யாரும் வாங்க மாட்டார்கள். அதைக் கேட்டேன், கட்டாகக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை மணி அடித்து வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை நிறுத்திச் சொன்னேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அசனம், ஒருத்தரும் தட்டு கொண்டுவரக் கூடாது, வீட்டில் சொல்லிவிடுங்கள். எல்லாம் சரி. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்ற கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அசனம் என்று சொல்லிவிட்டால் அது ஊருக்கே அழைப்பு. எனக்கு மறந்துபோனது, தெருவுக்கு மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தாழ்வாரத்தில் இலை போட்டு முடித்து நிமிர்ந்தால் தெருவே வருகிறது. தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டு, பிள்ளைகள் முன்னால். வலைக்காரர்கள், கிழடுகட்டைகள், கைப்பிள்ளைக்காரிகள் பின்னால். கிடாரத்தில் இருப்பதோ நூற்றறுபது பேருக்கு. ஆனால் எங்கள் ஆட்கள் அசனத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. கரைவலையில் அகப்பட்ட சாளை ஒரு கூடை வந்தது. ஒருத்தி இரண்டு தேங்காய் கொண்டுவந்தாள். நாலு பெண்கள் என்னைக் கேட்காமலே என் அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பருப்பை ரசமாக்கினோம். முதல் பந்தி பிள்ளைகளுக்கு. உப்புப் பார்க்கிற கூட்டம்தான் பரிமாறியது. ரெஜினா குனிந்து குனிந்து இலைக்கு இலை வைத்துக்கொண்டு போனாள். நான் கரண்டியைப் பிடித்தபடி சும்மா நின்றேன். மரத்தடியில் ஒரு பிள்ளை இல்லை. ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கருப்பட்டி அண்ணாச்சி மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார். வாயைத் திறப்பதற்குள் சங்கு குளிக்கிற இன்னொருவர் அவர் கையைப் பிடித்து இரண்டாம் பந்தியில் உட்கார்த்திவிட்டார். அசனத்தில் நிற்க விடமாட்டார்கள். அவர் முன்னால் இலை, இலையில் கோதுமை, அதன்மேல் சாளைக் குழம்பு. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சாப்பிட்டு முடித்தார், இலையை மடித்தார், என்னைத் தேடிப் பிடித்தார். வண்டிக்காரனைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "பாயசம் இல்லாம என்ன விருந்து வே? திங்கக்கெழம ஒரு சிப்பம் கருப்பட்டி அனுப்புதேன். பிள்ளையளுக்கு ஆக்கிப் போடும்."

திங்கட்கிழமை

அன்றைக்குப் பெரியவர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கும் தெரியும், அது பிள்ளைகளின் பந்தி. நூற்றைம்பத்தெட்டு இலையில் ஆள் இருந்தது. ஒரு பையனுக்குக் காய்ச்சல். மற்றது ரெஜினா. பாயசம் கொதிக்கிறது, மூடியைத் திறக்க எனக்கு மனசில்லை. உப்பளத்துக்குக் காலையிலேயே ஆள் கூட்டிப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இலையை எடுக்கவிடவில்லை. பெரிய டீச்சர் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றார். இருக்கட்டும் என்றேன்.

தெருமுனையில் மிக்கேலம்மா வந்தாள். பக்கத்தில் ரெஜினா, கையில் சிலேட்டு. அம்மா கையில் ஓலைப் பொட்டலம். என் முன்னால் நின்று அதை நீட்டினாள். உள்ளே ஒரு பிடி நெத்திலிக் கருவாடு. கிடாரத்துக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ரெஜினா அதற்குள் ஓடிப்போய் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மிக்கேலம்மா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்: "இது எங்க வீட்டுப் பங்கு அண்ணாச்சி. பிள்ள சாயங்காலம் மணி அடிக்கும் மட்டும் இங்கனயே படிக்கட்டும்."

திருவிழா இல்லாத நாளில் அசனம் என்று ஊருக்கே பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டேன். சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் போட்டுவிட்டு, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.