சுவரில் அப்பாவுக்கு நாலு வரி

இறந்தவர்களுக்குச் சுவரொட்டியில் போடும் கவிதையை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பூ, விளக்கு, காற்று, இந்த மூன்றையே மாற்றி மாற்றி வைத்து ஆண்டர்சன்பேட்டை கடைவீதி முழுக்க யாரோ எழுதித் தள்ளியிருந்தார். அந்த ஆளை நேரில் பார்த்தால் பிடித்து வைத்துப் பேச வேண்டும் என்றிருந்தேன்.

அந்தச் சுவரொட்டிகளில்தான் நான் தமிழ் படிக்கக் கற்றேன். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவளுக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன். அப்பா விடவில்லை. பாலகாட் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், எழுத்து தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடைவீதிக்கு வருவார். புதிய சுவரொட்டியைக் கண்டால் நின்றுவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னா போட்டுக்கிறான்?"

"தெரியலப்பா."

"காலேஜ் வரைக்கும் படிச்சிட்டு தெரியலன்றியே!"

எனக்குச் சுருக்கென்றது. கூடவே ஆர்வமும் தொற்றிக்கொண்டது. எல்லாச் சுவரொட்டியிலும் தலைப்பு ஒன்றுதான். அது 'கண்ணீர் அஞ்சலி'யாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தேன். மற்றவர்கள் அம்மா, ஆடு என்று ஆரம்பிப்பார்கள். நான் கண்ணீரில் ஆரம்பித்தேன். சந்தேகம் வந்தால் கைபேசியில் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு முழுச் சுவரொட்டியையும் தட்டுத்தடுமாறிப் படித்துக் காட்டினேன்.

எங்கள் புத்த விகாரைக்கு வரும் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இறந்தபோது, 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டிருந்தது. படித்ததும் அப்பா சிரித்துவிட்டார்.

"இவன் எங்க அடி சேந்தான்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி எம்பக்கத்துல உக்காந்து சரணம் சொன்னவன். கடவுள்னு ஒரு வார்த்தை அவன் வாயில வந்ததில்ல."

"கடையில எல்லாருக்கும் இதான் போடுவாங்கப்பா."

"எனக்குப் போட்றாத. நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாது. கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ இன்னா போடறது?"

"படிச்சவ நீ. யோசி."

யோசித்தேன். காலை ரயிலில் பங்காருபேட்டை வரும்வரை யோசிப்பேன், அதற்குமேல் கூட்டம் ஏறிவிடும். சின்ன வயதிலிருந்து பாலி மொழியில் மனப்பாடமாகச் சொல்லிவந்த சரணங்களுக்குத் தமிழில் அர்த்தம் தேடிப் படித்தேன். செத்தபின் எங்கே போகிறோம் என்று அதில் இல்லை. எதைத் துணையாகக் கொண்டு நடப்பது என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் இதையா சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எழுத மட்டும் ஒரு வரியும் வரவில்லை. அப்பா நன்றாகத்தானே இருக்கிறார் என்று தள்ளிப்போட்டேன்.

இந்த வருஷம் ஒரு காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை.

அச்சுக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் அப்பாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கீழே 'இறைவனடி சேர்ந்தார்' தயாராக இருந்தது. பூவும் காற்றும் இருந்தன.

"இந்தக் கவிதையெல்லாம் யாருண்ணா எழுதறது?" அந்த நேரத்திலும் கேட்டுவிட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் கடைய எடுக்கும்போதே கம்ப்யூட்டர்ல இருந்திச்சி."

"எல்லாத்தையும் எடுத்துடுங்க. நான் எழுதித் தரேன்."

"சீக்கிரம்மா. மத்தியானத்துக்குள்ள ஒட்டணும்."

எனக்கு அழுகையைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. இப்போது எழுத வரவில்லையென்றால், தான் நம்பாத ஒரு வரியோடு அப்பா சுவரில் நிற்பார். நைட் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் அவர் பூட்ஸைக் கழற்றும் சத்தம் ஞாபகம் வந்தது. எழுதினேன்.

*எத்தனை ஷிப்டு இறங்கினாய்,*
*அத்தனையும் ஏறி வந்தாய்.*
*இந்த முறை அவசரமில்லை அப்பா,*
*மேலே விளக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.*

விளக்கு எனக்கும் வந்துவிட்டது. இனி யாரையும் கேலி செய்ய முடியாது. கடைக்காரர் படித்துவிட்டு, "அப்பாவ நீ, வான்னு போடறதா?" என்றார்.

"வீட்ல அப்படித்தாண்ணா கூப்பிடுவேன்."

அவர் அப்படியே அடித்துக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அம்மா கடைவீதிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. அப்பாவின் படத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"இன்னா போட்டுக்கிற?"

படித்தேன். மூன்றாவது வரியில் 'அப்பா'வோடு நின்றுவிட்டேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கடைசி வரியைப் படித்து முடித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாகீதே! இதெல்லாம் யாரு எழுதறதுக்கா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு" என்றாள்.