முத்தையா பெயரில் போன வேலு

போன சனிக்கிழமை பின்னேரம் அங்கம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், நாளைக்கு என் மகன் பேர ஒரு வாட்டி கூப்புடச் சொல்லுங்க. அது போதுங்க."

பூண்டுலோயாப் பக்கம் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் தேயிலைத் தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்திருக்கிறார். உலக யுத்தத்தில் இறந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலி என்று அறிவித்திருந்தார். அங்கம்மாவின் மகன் வேலுவும் அப்படிச் செத்தவன்தான். ஆனால் பட்டியலில் அவன் பெயர் இல்லை. எப்படி இருக்கும்?

பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டபோது வேலுவுக்கு வயது பதினேழு. பதினெட்டு ஆகியிருக்க வேண்டுமே... மாமன் மகன் முத்தையாவின் பிறப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய், முத்தையாவாகவே சேர்ந்துவிட்டான்!

என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொப்பிக்குப் பதில் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, துரை மாதிரி நடந்து காட்டுவான். அடிக்கப் பிரம்பை எடுத்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த பிள்ளை. இன்றைக்கும்தான்.

எகிப்துப் பக்கம் குண்டு விழுந்து செத்தான். 'முத்தையா இறந்துவிட்டார்' என்று கடிதம் வந்தது — முத்தையா வீட்டுக்கே! லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் உண்மை தெரியும். வெளியே தெரிந்தால் பத்திரம் கொடுத்த குற்றத்துக்கு முத்தையாவின் வேலை போய்விடுமே... யாரும் வாய் திறக்கவில்லை. அங்கம்மாகூட. அண்ணன் மகன் பிழைக்க வேண்டாமா? அதை நினைத்துத்தான் நானும் துரையிடம் எதுவும் கேட்கவில்லை.

அஞ்சலி பெரட்டுக்களத்தில். தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற அதே இடம். துரை கடதாசியைப் பிரித்து வாசித்தார்.

"முத்தையா."

"ஐயா!"

கூட்டத்துக்குள்ளிருந்து கணீரென்று பதில். இத்தனை வருடப் பெரட்டுப் பழக்கம் — பெயர் காதில் விழுந்ததும் முத்தையாவின் வாய் தானாகத் திறந்துவிட்டது!

சிரிப்பை அடக்க எல்லோரும் படாத பாடு பட்டோம். துரையின் முகம் சிவந்தது. வாய் தவறிவிட்டது என்று முத்தையா தப்பித்திருக்கலாம். ஆனால் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் வந்தார்.

"செத்தது நான் இல்லீங்க தொரை. என் மச்சான் வேலு. என் பத்திரத்தக் குடுத்து நான்தான் அனுப்புனேன். அவன் பேரச் சொல்லுங்க. எங்க அத்தை கேக்கணும்."

துரை பேனாவை எடுத்துக் கடதாசியில் ஏதோ எழுதினார். தொப்பியைக் கழற்றினார்.

"வேலு."

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வாத்தியார் அழக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

செத்தவனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுப்பதற்குக்கூட, உயிரோடிருக்கிற ஒருவன் தன் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. என்ன உலகமோ!

துரை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனது அடித்துக்கொள்கிறது. நேற்று முத்தையாவிடம் கேட்டேன். "வேலைய விட்டு நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"கவர்மெண்டு தாளுல நான் செத்து எத்தனையோ வருசம் ஆச்சுங்க சார்... செத்தவன எப்படிங்க நிறுத்துவாங்க?"