சாக்கு எடையைக் கழிக்க மறந்தவன்

மூன்று கிலோகூட இல்லாத ஒரு உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் இருபத்து நாலு வருஷமாக அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். லாரி ஹாரனும் சுமை இறக்குகிறவர்களின் சண்டையும் கேட்டு மரத்துப்போன காது என்னுடையது. பிறந்த ஒன்பதாம் நாள், சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, என் மகள் அந்தக் காதை ஒரே அலறலில் அடைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் தாளை நீட்டியவர் என் நரையைப் பார்த்துவிட்டு, "நீங்க பேஷண்டுக்கு அப்பாவா?" என்று கேட்டார். "பேஷண்டுக்கு இல்ல, பேஷண்டோட பிள்ளைக்கு" என்றேன். என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி.

கரமனையில் வாடகை வீடு. ஒத்தாசைக்கு நாகர்கோவிலிலிருந்து மனைவியின் மூத்த அக்கா வந்திருந்தார். எனக்கு மைனி. பிள்ளை காலை வயிற்றோடு மடக்கும், முகம் தக்காளியாகும், வயிறு தட்டினால் கொட்டு மாதிரி இருக்கும். ஒருநாள் அறையில் பெரிதாக ஒரு சத்தம் வந்தது. நான் மைனியைப் பார்த்தேன். மைனி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மரியாதை கருதி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை வந்தபோதுதான் அது தொட்டிலிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. எத்தனை பெரிய மனுஷத்தனமான சத்தம்!

"எல்லாம் இவ திங்கறதுதான். வாயுப் பதார்த்தம்" என்று மைனி ஒவ்வொன்றாக நிறுத்தினார். பருப்பு போயிற்று, கிழங்கு போயிற்று, முட்டை போயிற்று. கடைசியில் என் மனைவிக்குச் சோறும் பூண்டும் மிளகு ரசமும்தான் மிச்சம். பிள்ளையோ ஆறு மணியைத் தவறவிடவில்லை. பத்து நாள் பொறுத்த மைனி இருபதாம் நாள் காலையில் தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, இது காத்து இல்ல. பால் காணல. பிள்ளை பசிச்சுல்லா கரைஞ்சு கரைஞ்சு அழுது. பேசாம டப்பாப் பால் வாங்கிக் குடுங்க."

"எனக்குப் பால் வருதுக்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷம் ஊசி போட்டு ஊசி போட்டு, இந்த உடம்பால அது முடியாது இது முடியாதுன்னே கேட்டாச்சு. இப்பத்தான் இது தானா ஒரு காரியம் செய்யுது. அதையும் இல்லைன்னு சொல்லாதீங்க."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒரு வேலை செய்தேன். வியாபாரத்தில் இரண்டு பேருக்குள் தர்க்கம் வந்தால் வாய் ஓயும்வரை காத்திருக்க மாட்டோம். எடை போட்டுவிடுவோம். கடைக்குப் போய் மூட்டை எடை போடும் மின்தராசை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால் குடிக்கும் முன்னே ஒரு எடை, குடித்த பின்னே ஒரு எடை. வித்தியாசம்தான் பால். இந்த யோசனை இத்தனை காலமும் எந்த டாக்டருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று ஆட்டோவில் வரும்போது வருத்தப்பட்டேன்.

தராசை டெட்டால் போட்டுத் துடைத்தேன். துண்டை நாலாக மடித்து விரித்து, துண்டின் எடை கணக்கில் வராதபடி பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் வைத்தேன். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. பிள்ளையைக் கிடத்தினேன். மூன்று கிலோ இருநூற்றைம்பது. மனைவி வாங்கி அரைமணி நேரம் பால் கொடுத்தாள். திரும்ப வாங்கும்போது இடுப்புத் துணி சொதசொதவென்று இருந்தது. பொறுப்புள்ள தகப்பனாக அதை அவிழ்த்துப் போட்டு, வெயிலில் காய்ந்த துணி ஒன்றைக் கட்டி, தராசில் கிடத்தினேன்.

மூன்று கிலோ இருநூறு.

நான் குனிந்து மறுபடி பார்த்தேன். மூன்று இருநூறுதான். கடையில் எடையை உரக்கச் சொல்லித்தான் பழக்கம். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். நாக்கு தன் பாட்டுக்குக் கூவிவிட்டது: "மூணு இருநூறு! அம்பது குறைவு!"

மைனிகூட "நான் சொன்னேம்லா" என்று சொல்லவில்லை. மனைவி நைட்டி ஜிப்பை மெதுவாக மேலே இழுத்தாள்.

"டப்பாவே வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. பிள்ளையைப் பார்க்கவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கடைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக எத்தனையோ ரிப்போர்ட் தாள்களை நான் அவளிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் ஏலம் போடுகிறவன் மாதிரி கூவிச் சொல்லியிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் டப்பாவை எடுக்கும் முன் மலையாளம் கலந்த தமிழில் பிள்ளையின் வயதைக் கேட்டார். சொன்னேன். "இருபது நாளோ? ஆதியம், மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க சேட்டா. டப்பா எங்கயும் போகாது" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். வெறுங்கையோடு திரும்பி, எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்கப் பிள்ளை சுகமாகத் தூங்கியது. பட்டினி கிடக்கிற பிள்ளை இப்படியா தூங்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கே இருந்த சிஸ்டர், பால் போதவில்லை என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் துணியை எல்லாம் அவிழ்த்துவிட்டுத் தொட்டி மாதிரி இருந்த சின்னத் தராசில் வைத்தார். பிறந்தபோது எடுத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இருநூத்தி எழுபது கிராம் கூடியிருக்கல்லோ! நல்லா இருக்கு. பின்னே பால் காணலன்னு ஆரு பறஞ்சது?"

மைனி என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏது தராசுல?"

"அரிசித் தராசு, சிஸ்டர்."

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அது எத்தர கிராம்வரை காட்டும்?"

"அம்பது அம்பதாத்தான் காட்டும். மூட்டைக்கு அது போதும்."

"இது குஞ்ஞாக்கும், மூட்டை இல்லியே சேட்டா. ஆட்டே, சரி, ரெண்டு தரமும் அதே துணிதானா?"

சொதசொதவென்ற துணி கண்முன்னே வந்தது. ஒரு குழந்தை முழுசாக நனைத்த மூன்று மடிப்புத் துணி. அப்புறம் வெயிலில் காய்ந்த துணி. இருபத்து நாலு வருஷத்தில் சாக்கு எடையைக் கழிக்காமல் ஒரு மூட்டைகூட நான் வாங்கியதில்லை. மழைக்காலத்தில் நனைந்த சாக்குக்குத் தனியாகக் கழிப்பேன். ஆந்திரா மில்காரர்கள்கூட என்னிடம் அதில் தோற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் சொந்தப் பிள்ளைக்கு ஈரச் சாக்கைக் கழிக்கவில்லை. உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தேன்.

சிஸ்டர் திரைக்குப் பின்னால் மனைவியை உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பது கேட்டது. "பால் காணாததில்ல, அக்கா. தொடக்கத்துல பீச்சிக்கிட்டு வருது. குஞ்ஞு நுனியில மட்டும் பிடிச்சுட்டு மடக்கு மடக்குன்னு காத்தையும் சேத்து முழுங்குது. நல்லா சாஞ்சு இருங்க. வாய் பெருசாத் தொறந்தப்புறம் சேத்துப் பிடிங்க."

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையை என் தோளில் நிமிர்த்தி வைத்தார். கழுத்தைத் தாங்கச் சொல்லி, முதுகில் லேசாகத் தட்டச் சொன்னார். என் காதுக்குள் ஒரு ஏப்பம் வந்தது. கல்யாணப் பந்தியில்கூட நான் அப்படி ஒன்று கேட்டதில்லை.

"சாயங்காலக் கரச்சில் நாளைக்கே நிக்காது. ரெண்டு மூணு மாசம் ஆகும். பனி அடிச்சு மேல் சுட்டாலோ, பச்சையா வாந்தி சர்த்திச்சாலோ, பால் வேண்டாம்னாலோ உடனே கொண்டு வாங்க. தேன், வசம்பு ஒண்ணும் நாக்குல தேய்க்கண்டாம். அம்மா எல்லாம் சாப்பிடட்டும்."

மைனி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. குற்றவாளிகளுக்குள் ஒரு நாகரிகம் உண்டு.

திரும்பும் வழியில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "அரிசிக்குன்னா கழிச்சிருப்பீங்க."

தராசை அன்றைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பினேன். மைனி தாமாகவே பருப்பு வேகவைத்தார்.

மூன்று நாள் மனைவி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். நாலாம் நாள் ஆறு மணிக்கு வழக்கம்போல அலறல். அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, அவசரப்படாமல், பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து சேர்த்துக்கொண்டாள். அறையில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போக எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"அங்க என்ன நிப்பு? வந்து பிடிங்க" என்றாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், தட்டினேன். ஏப்பம் வந்தது. கூடவே புதுச்சட்டையின் தோளிலிருந்து முதுகுவரை வெதுவெதுப்பாகப் பாலும் இறங்கியது. நான் அசையாமல் நின்றேன்.

மனைவி ஒரு நிமிஷம் என் சட்டையைப் பார்த்தாள். மூன்று நாளாகக் காணாத சிரிப்பு அவள் உதட்டின் ஓரத்தில் வந்தது.

"இதையும் கழிச்சுக்கிடுங்க" என்றாள்.