நின்றுபோன அலை

மாமா, அம்மாவின் தம்பி, மைக் செட் வாடகைக்கு விடுபவர். கடலூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருக்குப் பட்டறை. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவருடைய ஆம்ப்ளிஃபயர் உறுமத் தொடங்கியது. ஒரு கல்யாணத்தில் மந்திரத்தைவிட உறுமல்தான் ஜாஸ்தி. மறுநாள் கிள்ளையில் இன்னொரு கல்யாணம். அங்கேயும் உறுமினால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோளாறைக் கண்டுபிடிக்க, மின்சார அலையைத் திரையில் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அப்பா அதைப் படம் வராத டிவி என்பார். ஆம்ப்ளிஃபயரை அதில் இணைத்ததும் உறுமல் ஒரு பச்சை அலையாக நிற்காமல் ஓடியது. மாமா கப்ளிங் விசையை ஏசி, டிசி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்திலிருந்த சோர்ஸ் விசையை, விற்றவன் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார். எனக்கோ அலை எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். வெளியே வருகிறதா என்று பெட்டியின் வலப்பக்கம் கைவைத்துக்கூடப் பார்த்தேன்.

தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். நான் சோர்ஸ் விசையை லைன் என்ற இடத்துக்குத் தள்ளினேன். அலை அப்படியே நின்றுவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். திருப்பி வைப்பதற்குள் மாமா வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், விசையைப் பார்த்தார், சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.

"உறுமல் கரண்டுலேர்ந்துதான் வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, கரண்ட் நுழையும் பக்கத்திலிருந்த தடித்த கெப்பாசிட்டரை மாற்றினார்.

விசை லைனில் இருந்தால் திரை வீட்டுக் கரண்டின் துடிப்போடு சேர்ந்து ஓடும், உறுமலும் அதே துடிப்பில் இருந்ததால்தான் அலை நின்றது என்பதெல்லாம் சிதம்பரத்தில் டிப்ளமோ படித்தபோது லேபில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மாமாவின் பெட்டியைக் கெடுத்துவிட்டேன் என்பது மட்டுமே.

மறுநாள் கிள்ளையில் செட்டைப் போட்டதும் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

"பேசு பாப்பா."

எல்லாம் தெரிந்துதான் ஊரார் முன்னால் நிறுத்துகிறார் என்று நினைத்தேன்.

"மாமா, நான்தான் தொட்டேன். இனிமே தொட மாட்டேன்."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான் பேசி முடித்த பிறகும் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெட்டியில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, இவ்வளவு பெரிய ஆளை அழ வைத்துவிட்டேனே என்று நானும் அழுதேன்.