கேக்குக்குக் குழம்பு

உலகச் சண்டைக் காலம். சர்க்கரை கண்ணில் படுவதே அபூர்வம், கோதுமை மாவு அதைவிட அபூர்வம். அந்த நேரம் பார்த்துத்தான் என் வாய் சும்மா இருக்காமல், மகளின் பிறந்த நாளுக்குக் கேக் செய்து தருகிறேன் என்று சொல்லித் தொலைத்தது. கேக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு குறையாகவே அப்போது படவில்லை.

மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்குக் குடிவந்த புதிது. பள்ளிக்கூடத்தில் என் மகளோடு யாரும் சேரவில்லை, தனியாகவே உட்கார்ந்திருந்தாள். மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தி அந்த வகுப்புக்கே மகாராணி. சேலத்தில் கேக் தின்றதாக அவள் பீற்றிக்கொண்டதை இவள் வந்து சொல்லி மூக்கைச் சிந்தியபோதுதான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் இவள் போய், எங்கம்மாளே கேக் செய்வார்கள் என்று சொல்லிவிட்டாள். யாரும் நம்பவில்லை. நேரில் வந்து பார்ப்பதாகப் பேச்சு. கேக் சரியாக வராவிட்டால் என் மகளுக்குப் பொய்க்காரி என்ற பட்டம் நிச்சயம்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். துரை பங்களாவின் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்திருக்கிறாராம். "வட்டமா, கறுப்பா, மெத்துனு இருக்கும். கத்தில அறுத்துத் திங்கறாங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த செய்முறை.

கேழ்வரகு மாவில் வெல்லத்தையும் கனிந்த வாழைப்பழத்தையும் போட்டுக் கை ஓயக் கிளறினேன். நெய் தடவிய குண்டாவில் அழுத்தி, ஆறியதும் தாம்பாளத்தில் கவிழ்த்து, மேலே தேங்காய்ப் பூவைத் தூவினேன். பக்கத்தில் அவித்த நிலக்கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். தள்ளி நின்று பார்த்து, துரைசாணி கெட்டாள் போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். அறுத்தேன், பாதி கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் துண்டை வாங்கிய சின்னப் பெண் அதை உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி பறித்தாள். எங்கள் பக்கம் களி தின்பது அப்படித்தான்.

"குழம்பு ஊத்துங்க அத்தை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கடைக்காரர் மகளைப் பார்த்தார்கள். என் மகள் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைக்காரர் மகள் ஒரு விள்ளல் தின்றாள். தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதானுங்க கேக்கு. சேலத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, தன் துண்டிலும் மெல்லக் குழி பறித்தாள்.

அப்பாடா, அவளும் என் கட்சிதான்.

மத்தியானத்துத் தட்டைப்பயறு குழம்பைச் சூடு பண்ணி எல்லாக் குழியிலும் ஊற்றினேன். வெல்லக் களிக்கு உறைப்புக் குழம்பு. நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிரட்டுகிறது. பிள்ளைகள் தாம்பாளத்தை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

வாசலில் கடைக்காரர் மகள் என் மகளிடம், "நாளைக்கி என்ற பக்கத்துல வந்து உக்காந்துக்கோ" என்று சொல்வது காதில் விழுந்தது. குண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் உள்ளே ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் அவ நம்மூட்டுக்கு வாராளுங்கம்மா. நீங்க ஐஸ்கிரீமு செய்வீங்கன்னு சொல்லிப்போட்டேன்."