சம்பளத்தோடு ஒரு காய்ச்சல்

எங்கள் வீட்டில் அம்மா சேலை மாட்டும் ஆணியில்தான் என் கம்பெனி அட்டையும் தொங்கும். நீல நாடா கோத்த அந்த அட்டையில் என் படமும் பெயரும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெயர் அச்சில் வந்ததும் எனக்குத்தான் முதலில். நான் லீவில் இருந்த அந்த வாரம், காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

செல்போன் செய்யும் கம்பெனி அது. விடியுமுன் உத்திரமேரூர்ப் பக்கமெல்லாம் பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து போன்களைச் சோதிப்பது என் வேலை. கெட்டுப்போன ஒன்று என் கையைத் தாண்டிப் போனால் திட்டு எனக்குத்தான். கொஞ்ச நாளில் தூக்கத்திலும் மெஷின் சத்தம் கேட்டது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. நல்ல போனைக்கூட நம்பாமல் ஒதுக்க ஆரம்பித்தேன்.

சூப்பர்வைசர் கவனித்திருக்கிறார். “லீவு நிறைய பாக்கி இருக்கும்மா. ஒரு வாரம் வீட்ல இருந்துட்டு வா, சம்பளம் பிடிக்க மாட்டாங்க” என்றார். கேட்காமல் யாராவது லீவு கொடுப்பார்களா? அன்றைக்கே திருப்புலிவனத்துப் பெண் ஒருத்தியை என் இடத்தில் பழக்கினார். குள்ளமான அவள், வந்ததும் என் ஸ்டூலைத் திருகிக் கீழே இறக்கினாள். ஒரு வாரத்துக்கு வருகிறவள் எதற்கு ஸ்டூலை மாற்றுகிறாள்? பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

அம்மாவின் சந்தேகம் என்னுடையதைவிடப் பெரியதாக இருந்தது. “இன்னாடி, தூக்கிட்டாங்களா?”

“லீவும்மா. சம்பளம் உண்டு.”

“நடவுக்குப் போவாத நாளுக்கு எவன்டி கூலி குடுப்பான்? யார்கிட்ட கதை வுடற?”

சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றாள். நான் வாய் திறக்குமுன் அம்மா, “அவளுக்கு ஜொரம், அத ஏன் கேக்கற” என்று என்னைப் பாயில் தள்ளிப் போர்த்திவிட்டாள். அத்தை நெற்றியைத் தொட்டாள். “சில்லுனு கீதேடி!”

“இப்பதான் மாத்திரை போட்டா.”

வேலை போய்விட்டது என்று ஊர் பேசுவதைவிட, மகளுக்குக் காய்ச்சல் என்று பேசுவது அம்மாவுக்குப் பரவாயில்லை. ஆகவே வாரம் முழுக்க எனக்குக் காய்ச்சல். வெளியே போக முடியாது. யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உடனே படுத்துக்கொள்ள வேண்டும். முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டு, அந்த ஸ்டூலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்து கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்கினேன். “பொய் ஜொரத்துக்கே இம்மாந் தூக்கமா!” என்று அம்மா முணுமுணுத்தாள். ஒரு சாயங்காலம் டீ டம்ளரை வாங்கியபோதுதான் பார்த்தேன், கை நடுங்கவில்லை.

திரும்பப் போகும் நாளில் அம்மாவும் ரோடு வரை வந்தாள். சுள்ளி பொறுக்க என்றாள். அந்த இருட்டில் என்ன சுள்ளி? பஸ் எனக்காக நிற்குமா என்று பார்க்க வந்திருந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

பஸ் நின்றது.

உள்ளே திருப்புலிவனத்துப் பெண் இருந்தாள். “வந்துட்டியா தாயே! உன் எடத்துல குந்தி எனக்குத் தூக்கமே பூட்ச்சி. உன் பேஜார நீயே வச்சிக்க” என்று சிரித்தாள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. போனதும் ஸ்டூலை என் உயரத்துக்கு ஏற்றினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் நம்பினேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் லீவு கொடுப்பது நான். ஒரு பெண்ணை வீட்டுக்குப் போகச் சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் எந்த நாளில் திரும்ப வரவேண்டும், எந்த இடத்தில் உட்காரவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, லீவைப் பிறகு சொல்கிறேன்.

நான் லீவில் ஊருக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அட்டையை அந்த ஆணியில் மாட்டுகிறேன். “தெரியும் போடி, சம்பளத்தோட லீவு” என்கிறாள் அம்மா, எல்லாம் தெரிந்தவள் போல. ஆனால் மறுநாள் விடியற்காலையில், அரைத்தூக்கத்தில், அட்டை சுவரில் மெல்லத் தட்டுவது எனக்குக் கேட்கிறது.