தீயணைப்பு நிலையத்தில் உயர்த்திய கை

மேடையில் முழங்கும்போது வலக்கையை உயர்த்துவது என் வழக்கம். பள்ளிச் சொற்போர்களில் அதற்கே கைதட்டல் எழும்.

சென்ற விடுமுறையில், மாணவர்களுக்குத் தீயணைப்புப் பணியை அறிமுகப்படுத்தும் முகாமுக்கு நானும் நண்பன் ஜமாலும் சென்றோம். கேலாங் வட்டாரத்தில் அவனுடைய அத்தாப்பு ஓலைக்கூரை வீடு எரிந்துபோன நாளிலிருந்து, தீயணைப்பாளனாவதே அவன் கனவு. இளம் தீயணைப்பாளர் படைக்கு ஆளெடுக்கும் இறுதித் தேர்வில் குழாய்முனையை அவன் பிடித்தான். அவன் தயாரானதும் நான் கையை உயர்த்தினால் தண்ணீர் திறப்பார்கள்.

"இருடா, காலை ஊனிக்கிறேன்" என்றான்.

நானோ சுற்றி நின்றவர்களை நோக்கி, "தீயை எதிர்க்கும் தீரர்களே!" என்று முழங்கினேன். கை தானாக உயர்ந்தது. நீர் சீறியது. ஜமால் உருண்டு விழுந்தான்.

"குழாயப் பிடிக்கத் தெரியல. நீ போலாம் தம்பி" என்றார் அதிகாரி. ஜமால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலைகுனிந்து நடந்தான். தப்பிக்கும் வாதங்கள் என் நாவில் வரிசையாக நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு அதிகாரியிடம் ஓடினேன்.

"சார், தப்பு என்னோடது. அவன் ரெடியாகல, நான்தான் கையத் தூக்கிட்டேன்."

"அப்ப நீ வெளிய நில்லு. அவன் மறுபடி பிடிக்கட்டும்."

இம்முறை ஜமால் அசையவில்லை. நீர் இலக்கைச் சாய்த்தது.

"தேர்வாயிட்டேன்டா, பேச்சாளரே!" என்று ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டான்.

என் வெற்றிகளுக்குப் பலர் கைதட்டியிருக்கிறார்கள். இன்னொருவன் வெற்றிக்கு நான் மனமாரக் கைதட்டியது அன்றுதான்.